தோல், இறகு, படச்சுருள்

மார்கழிக் கடைசியில், விடியற்காலை ஆறு மணிக்கு ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றுக்குள் இறங்கினால் கண்ணுக்கு முன்பே மூக்குக்கு வேலை வந்துவிடும். மணலை ஒட்டிப் படிந்து கிடக்கும் பனி, டேனரி எனும் தோல் பதனிடும் ஆலைகளின் வாடையை மேலே எழும்பவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். பத்தடிக்கு அப்பால் சீமைக்கருவேலம் புதர் ஒரு கறைபோலத்தான் தெரியும். அதற்குள்ளிருந்து யாரோ நாக்கைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும்: சக், சக். பிளித் நாணல் கதிர்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டிவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வருகிற மண்நிறச் சிறு பறவை. அதைப் பார்ப்பதே பாடு. படம் எடுப்பது பெரும்பாடு.

வேலூரை ‘வெயிலூர்’ என்று கேலி செய்கிறவர்கள் இந்த ஒன்றரை மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. உதகையில் புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல் படிகிற உறைபனி இங்கே கிடையாதுதான். ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்திலும், ஆயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் ஏலகிரியிலும் மூடுபனி காலை எட்டு மணிவரை அசையாது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வலசை வந்த பறவைகள் நிறைந்திருக்கும் காலமும் இதுவே. வாலாட்டிகள் அக்டோபரிலேயே வந்திருக்கும். தோட்டத்துச் சருகுக்குள் ஆறுமணிக்குருவி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கூவி ஆளைத் தேடவைக்கும்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். குறைந்தது கால்மணி நேரம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் வாத்தியார்களும் வங்கி ஊழியர்களும் கிளம்புகிறார்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. கேமரா இருந்தால் கௌரவம். துப்பாக்கி தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் இதே மலைத்தொடரில் பறவை பார்க்கப் போனவர் முதலில் எடுத்துவைத்தது அதைத்தான்.

அன்றைய பறவை ஆய்வாளருக்கு வேண்டியது தோல். பறவையைச் சுட்டு, வயிற்றைக் கீறி, சதையை எடுத்துவிட்டு, இறகோடு தோலை உரித்துப் பதப்படுத்தி, பஞ்சை அடைத்து, காலில் சீட்டுக் கட்டினால்தான் ‘பார்த்தேன்’ என்ற பேச்சுக்கு மதிப்பு. அருங்காட்சியக இழுப்பறைகளில் வரிசையாகப் படுத்திருக்கும் இந்தப் பறவைகளுக்கு இன்றைக்கும் ‘ஸ்கின்’ என்றே பெயர். ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உரித்த தோல் அழுகாமல் நிற்க வேண்டும், பூச்சி அரிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு தொழிலின் கவலையும். மருந்தில்கூட உறவு உண்டு. பறவைத் தோலுக்கு 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர் பெக்கூர் கண்ட ஆர்செனிக் சோப்பைத் தடவினார்கள். தோல் தொழிலில் மெல்லிய ஆட்டுத் தோல்களின் மயிரைக் களைய, சுண்ணாம்போடு ஆர்செனிக் கலந்த மனோசிலையைச் சேர்ப்பதுண்டு.

இந்தக் கதையில் முதல் பெயர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் (1811–1872). சென்னை ராணுவத்தில் மருத்துவர். படை போன இடமெல்லாம் பறவை சேகரித்தார். ஆரம்ப காலத்தில் சேர்த்த தோல்களை அடையாளம் காட்டச் சொல்லி ஸ்காட்லாந்தில் இருந்த பறவையியலாளர் வில்லியம் ஜார்டினுக்குக் கப்பலில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது பூச்சி அரித்திருந்தது. நம்மூர்த் தோல் மண்டியில் இப்படிச் சரக்கு கெட்டிருந்தால் வியாபாரி தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஜெர்டன் வேறு வழி பார்த்தார். சீமைப் புலவரை எதிர்பார்க்காமல் தானே பெயரும் வகையும் தீர்மானித்து, தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839–40இல் சென்னையிலேயே வெளியிட்டார். இருபது ஆண்டு கழித்து வந்த அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ தொகுதிகளுக்கு (1862–64) அதுதான் அடித்தளம். பூச்சி செய்த உபகாரம் என்றுகூடச் சொல்லலாம்.

நெல்லூரில் மருத்துவராக இருந்தபோது யானாதி மக்களிடம் அவர் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எந்தப் பறவை எந்தப் புதரில் தங்கும், எப்போது கத்தும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பிறகு 1840களில் ‘இந்தியப் பறவையியல் சித்திரங்கள்’ என்ற நூலைச் சென்னையில் அச்சிட்டபோது, படங்களை வரைந்தவர்களிலும் கல்லச்சில் ஏற்றியவர்களிலும் உள்ளூர்க் கலைஞர்கள் இருந்தார்கள். அந்தக் காலச் சென்னையில் ஓவியம் என்றால் முச்சியர் நினைவுக்கு வருவார்கள். தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ (1909) அவர்களைப் பற்றிச் சொல்வது ருசிகரமானது: மராத்தி பேசும் சமூகம், தொழில், ஓவியமும் தோல்வேலையும். தோலுக்கும் படத்துக்கும் நடுவில் இன்றைக்கு நாம் போட்டுவைத்திருக்கும் சுவர் அன்றைக்கு இல்லை.

ஜெர்டன் அறிமுகப்படுத்திய பறவைகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானும் ஒன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான பாறைச் சரிவும் முட்புதரும்தான் அதற்கு வீடு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கிரானைட் குவாரிக்காரர்களுக்கும் அதே பாறைதான் பிடிக்கும் என்பது அதன் கெட்ட நேரம்.

ஜெர்டனுக்குப் பிறகு தோல்சேகரிப்பு பெருந்தொழிலானது. காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவராக நாம் அறிந்த ஏ.ஓ.ஹியூம், 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவை பறவைத் தோலும் முட்டையும் சேர்த்து ஏறக்குறைய 80,000. நம் மலைகளுக்கான முறை 1929 வாக்கில் வந்தது. ஆர்தர் வெர்னே பணம் கொடுக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் கணக்கெடுத்தது. காட்டில் அலைந்து தோல் சேர்த்தவர் லாபர்சோன். அவற்றை இங்கிலாந்தில் உட்கார்ந்து ஆராய்ந்து, 1930இலிருந்து பல பகுதிகளாக எழுதியவர்கள் விசிலரும் கின்னியரும். சென்னை மாகாணத்தின் வடபகுதிப் பறவைகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் அந்தக் கட்டுரைகளைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஒரே இனம் இடத்துக்கு இடம் நிறத்திலும் அளவிலும் எப்படி மாறுகிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல, அந்நாளில் தோலைவிட்டால் வேறு சாட்சி இல்லை. அவர்களைக் கொலைகாரர்கள் என்று தீர்ப்பு எழுதுவது சுலபம், நியாயமில்லை.

சுடாதே என்ற குரலும் பழையதுதான். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் விவசாயிகள், ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று 1790களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அவர்கள் கணக்கு அது. 1902இல் இந்திய அரசு இறகு ஏற்றுமதிக்குத் தடைபோட்டது. மேல்நாட்டுப் பெண்களின் தொப்பிக்காகக் கொக்கின் கல்யாண இறகுகள் மூட்டைமூட்டையாகப் போய்க்கொண்டிருந்த காலம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று கோஷ்டி கட்டிக்கொண்டு கண்டதையெல்லாம் சுடும் போட்டி ஒன்று இருந்தது. அதற்கு மாற்றாகச் சுடாமல் எண்ணுவோம் என்றார் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மேன். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். நம் பொங்கல் கணக்கெடுப்புக்கு அது பெரியப்பா முறை.

எச்சம் என்றதும் டேனரி ஞாபகம் வருகிறது. சுண்ணாம்பில் ஊறி விறைத்த தோலை மென்மையாக்கப் பழைய காலத்துத் தோல் தொழிலாளர்கள் உலகின் பல பகுதிகளில் புறா எச்சத்தையும் கோழி எச்சத்தையும் நாய்க் கழிவையும் கரைத்துப் பயன்படுத்தினார்கள். வேலை செய்தது அதிலுள்ள நொதி. 1907இல் ஜெர்மானியர் ஓட்டோ ரோம் கணையத்திலிருந்து அந்த நொதியை எடுத்து விற்கத் தொடங்கிய பிறகுதான் புறாவுக்கு விடுதலை கிடைத்தது. வட ஆர்க்காட்டின் பழைய முறைப் பதனிடுதலுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆதாரம். ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று லண்டன் சந்தையில் பெயரெடுத்தது அந்தச் சரக்கு.

துப்பாக்கியை இறக்கிவைக்கக் கேமரா வர வேண்டியிருந்தது. கேமரா வந்ததும் தோலின் கதை முடிந்துவிட்டதா? அங்கேதான் வேடிக்கை. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்பைக் கண்ணாடியில் பூச ஜெலட்டினைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். ஜெலட்டின் என்பது வேறொன்றுமில்லை, நம் தச்சர்கள் அடுப்பில் காய்ச்சி மரத்தை ஒட்டுகிற வஜ்ஜிரத்தின் சுத்தமான தங்கை. மாட்டுத் தோலின் துண்டுகளையும் எலும்பையும் பக்குவம் செய்து காய்ச்சினால் வருவது. அதுவரை புகைப்படக்காரர் தட்டை ஈரம் காய்வதற்குள் பயன்படுத்தியாக வேண்டும். காட்டுக்குப் போனால் கூடாரத்தையும் ரசாயனத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஜெலட்டின் உலர்தட்டு அந்தப் பாரத்தை இறக்கியது. ஜெர்டன் அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

எல்லா ஜெலட்டினும் ஒன்றுபோல் வேலை செய்யவில்லை. சில சரக்கில் படம் பளிச்சென்று விழும், சிலவற்றில் மங்கும். கோடாக் நிறுவனத்தின் சாமுவேல் ஷெப்பர்டு 1925இல் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்த கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் துளியளவு தங்கியிருந்தது. அதுதான் வெள்ளி உப்புக்குக் கூர்மை கொடுத்தது. ஆக, ஒரு குருவியின் படம் நன்றாக விழுவதற்கு எங்கோ ஒரு மாடு கடுகுத் தோட்டத்தில் புகுந்திருக்க வேண்டும்.

தோலுக்குள்ளேயே புகுந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்கள் 1892இல் கூட்டையும் முட்டையையும் படமெடுத்துப் பறவைப் புகைப்படத்துக்குப் பிள்ளையார்சுழி போட்டவர்கள். பறவை மிரளாமல் கிட்டே போக, 1900ஐ ஒட்டி ஒரு காளையின் தோலைப் பாடம்பண்ணி உள்ளே குடைவாகச் செய்வித்தார்கள். ஒருவர் அதற்குள் நின்று, காளையின் உடலில் விட்ட ஓட்டை வழியாகக் கேமராவை நீட்டுவார். பொய்க்கால் குதிரைக்காரர் ஆடாமல் அசையாமல் வயலில் மணிக்கணக்கில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இந்தியாவில் இந்தக் கலையைப் பொறுமையாகச் செய்தவர்கள் பேட்ஸ், லோதர் போன்றவர்கள். லோதரின் ‘இந்தியாவில் ஒரு பறவைப் படக்காரர்’ 1949இல் வந்தது. அந்தத் தலைமுறை எடுத்த படங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் உறுத்தும்: பெரும்பாலும் கூடு, குஞ்சு, வாயில் புழுவோடு தாய்ப் பறவை. காரணம் ரசனை இல்லை. கனத்த கேமரா, மந்தமான தட்டு, தொலைதூர லென்ஸ் அரிது. பறவை நிச்சயம் திரும்பி வருகிற ஒரே இடம் கூடு. அதன் பக்கத்தில் மறைப்புக் கட்டி உட்கார்ந்தால்தான் படம். நம் மார்கழி விருந்தாளிகளோ கூடு கட்டுவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். புதருக்குள் நொடிக்கு நொடி இடம் மாறும் கதிர்குருவியைப் பனி மூட்டத்தில் பிடிக்க அந்தக் கேமராக்களுக்கு வக்கில்லை. ஆகவே தென்னிந்தியச் சமவெளியின் குளிர்காலப் பறவைகள் புகைப்படத்துக்குள் வந்தது தாமதமாகத்தான்; கூட்டமாக வந்தது டிஜிட்டல் கேமரா பரவிய பிறகு.

இடையில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். மா.கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை இறக்கும்வரை நிறுத்தவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒப்பேற்றிய பூதாகரமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டு காட்டுக்குள் சுமந்து திரிந்தார். கறுப்பு வெள்ளைதான் எடுப்பார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைச் சு.தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாக்கினார். கிருஷ்ணனின் காலத்தில் கறுப்பு வெள்ளைச் சுருள் தமிழ்நாட்டிலேயே தயாரானது. உறைபனி விழும் உதகையில் 1960இல் அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் சுருள் விற்றது. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் மலைமேல் போனார்கள்.

சுருளின் ஜெலட்டினுக்குப் போன எலும்புக்கும் ஒரு பறவைக் கதை உண்டு. ஊரில் மாடு செத்தால் அதை இழுத்துப்போய் உரிக்கும் வேலையைச் சாதியின் பேரால் சிலர் தலையில் கட்டியிருந்தார்கள். தோல் மண்டிக்குப் போகும். மிச்சத்தைப் பாறு கழுகுகள் ஒரு மணி நேரத்துக்குள் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போகும். வெயிலில் வெளுத்த எலும்பைப் பொறுக்கி விற்கிற ஏழைகளிடமிருந்து அது எலும்பு ஆலைக்கும், அங்கிருந்து உரத்துக்கும் ஜெலட்டினுக்கும் போகும். கேரளத்தில் 1975இல் தொடங்கிய ஒரு நிறுவனம், எலும்பிலிருந்து ஜெலட்டினுக்கான மூலப்பொருளான ஓசினை எடுத்து ஜப்பானுக்கு அனுப்பியது. படச்சுருளின் பின்னால் கழுகின் அலகும் இருந்திருக்கிறது என்றால் மிகையாகாது. 1990களில் கழுகுகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2004இல் நிரூபணமானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறு பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

கிருஷ்ணன் மறைந்த அதே 1996இல், ஆகஸ்டு 28 அன்று, இந்தத் தோல் வட்டாரத்தின் பெயரை உலகச் சட்டக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டிருக்கிறது என்று தீர்ப்பில் பதிவானது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் பாலாறு தேறவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. கழிவுநீர்க் குட்டையிலும் பவளக்கால் உள்ளான் நீண்ட சிவப்புக் காலை எடுத்துவைத்து மேயும். படத்தில் அழகாகவே விழும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆற்றின் நலத்தை ஓரளவு ஊகிக்கலாம். உள்ளானைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

தோலிலிருந்து படத்துக்கு வந்த பயணத்தை ஒரே பறவையில் பார்க்க வேண்டுமென்றால் அது ஜெர்டன் பெயரைத் தாங்கிய கோர்சர். தெலுங்கில் கலிவிக்கோடி. ஜெர்டன் சேர்த்த மாதிரியைக் கொண்டு 1848இல் அதை உலகுக்கு விவரித்தவர் கல்கத்தாவின் எட்வர்ட் பிளித்; நம் நாணல் கதிர்குருவியின் பெயரில் இருப்பவரும் அவரே. 1900இல் அனந்தப்பூர்ப் பக்கம் பார்த்ததோடு பறவை காணாமல் போனது. எண்பத்தாறு ஆண்டுக்குப் பின், 1986 ஜனவரியில், வேலூருக்கு வடக்கே கடப்பையின் முட்காட்டில் உள்ளூர் வேடர்களின் உதவியோடு பம்பாய்க் கழகத்தின் பரத் பூஷண் அதை மீண்டும் கண்டார்.

கோர்சர் இரவில்தான் நடமாடும். ஆளைக் கண்டால் ஓடி ஒளியும். தமிழில் பறவைகளைப் பற்றி நிறைய எழுதிவரும் ப.ஜெகநாதன் அதை ஆராய்ந்தபோது, புதர்களுக்கிடையே மண்ணைச் சலித்துத் தடம் பதியும் பட்டைகளை அமைத்தார். அருகே தானியங்கிக் கேமரா. இரவில் பறவை நடந்தால் மண்ணில் மூன்று விரல் தடம், சுருளில் ஒரு படம். காலையில் போய் மண்ணைப் படிக்க வேண்டும். துப்பாக்கியும் இல்லை, ஆளும் இல்லை.

பொங்கல் நடைக்கு வருகிறவர்களுக்கு இப்போது சுருளும் கிடையாது. ஜெலட்டின் மருந்து மாத்திரை உறைக்குப் போய்விட்டது. உதகை ஆலை மூடிக் கிடக்கிறது. வேறு சச்சரவுகள் வந்திருக்கின்றன. பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வெளியே இழுக்கலாமா, கூட்டருகே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று நடையின் பாதியில் வாக்குவாதம் வரும். படம் எடுக்க வந்தவருக்கும் எண்ண வந்தவருக்கும் கொஞ்சம் ஆகாது. முன்னவர் ஒரே மரத்தடியில் ஒரு மணி நேரம் நிற்பார், பின்னவர் அடுத்த ஏரிக்குப் போகத் துடிப்பார்.

எட்டரைக்குப் பனி விலகும். ஆற்றுப் பாலத்தில் நீலம் பாய்ந்த ஈரத்தோல், டேனரிக்காரர் மொழியில் ‘வெட் ப்ளூ’, ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு போகும். அதற்கு மேலே கரும்பருந்துகள் வட்டமிடத் தொடங்கும். பட்டியலை மூடப்போனவர் நிமிர்ந்து எண்ணுவார்: நான்கு, ஐந்து, ஆறு. கதிர்குருவி இன்னும் புதருக்குள்தான் இருக்கும். ஒருவரிடமும் அதன் படம் இருக்காது. ‘கேட்டது’ என்று எழுதிக்கொண்டு கரையேறுவார்கள்.